பயணப்பையில் ஒரு புத்தகம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், பழைய மாணவிகள் சங்கத்தின் வாசிப்பு வட்டம் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)



வாசிப்பைப் பற்றி இருபது நிமிடம் பேசும்படி விழாக் குழுவினர் எங்களைக் கேட்டார்கள். எங்கள் வட்டத்தில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு விதமான விருப்பம். எதைப் பற்றிப் பேசுவது என்று மூன்று கூட்டங்கள் கூடியும் முடிவாகவில்லை. கடைசியில் ஓர் அக்கா சொன்னார்: "இந்த விழாவுக்கு வாற ஆக்களிலை பாதிப் பேர் பயணம் செய்துதான் வரப்போகினம். ஒவ்வொருத்தியின்ரை பைக்குள்ளையும் என்ன புத்தகம் கிடக்குது எண்டதைப் பற்றிக் கதையுங்கோ." அவர் சொன்னது எல்லோருக்கும் பொருத்தமாகப் பட்டது. இந்த உரையும் அதைப் பற்றியதே.

ஒருவருடைய வாசிப்பு விருப்பத்தை அறிய வேண்டுமானால் அவருடைய வீட்டுப் புத்தக அலுமாரியைப் பார்த்துப் பயனில்லை. அலுமாரியில் பரிசாக வந்தவை இருக்கும். மரியாதைக்காக வாங்கியவையும், பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் விட்டு வந்தவையும் இருக்கும். பயணப்பை அப்படியல்ல. அதற்குள் ஒன்றோ இரண்டோதான் போகும். எட்டு மணித்தியாலம் ஓர் ஆசனத்தில் இருக்கும்போது, பிடிக்காத புத்தகத்தைப் பிடித்ததாகக் காட்டிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. ஆகையால் பயணத்துக்கு என்று தெரிவு செய்யும் புத்தகமே எமது உண்மையான விருப்பம் என்பது எங்கள் வட்டத்தின் கருத்து. இன்று உங்களுக்குச் சொல்ல வந்ததும் இதுதான்: எம் சொந்த விருப்பத்தை அறிந்து, அதைக் கூசாமல் கையில் எடுத்துக்கொண்டு போகப் பழக வேண்டும்.

கூசாமல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் எல்லோரும் மற்றவர்கள் தெரிவு செய்து தந்த புத்தகங்களை வாசித்தே வளர்ந்தோம். பரிசளிப்பு விழாவில் மு. வரதராசனின் நூல்கள் கிடைத்தன. நூலக பாடவேளையில் ஆசிரியை எடுத்துத் தந்ததை வாசித்தோம். ஆங்கிலம் முன்னேற வேண்டும் என்று எனிட் பிளைற்றன் தரப்பட்டது. இவை எல்லாம் நல்லவையே. அவற்றை ஊட்டிய கைகளுக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் விடுதியில் தலையணைக்கு அடியில் இருந்தவை வேறு. கல்கியும் லக்ஷ்மியும் அங்கே இருந்தார்கள். பின்னர் வந்த தங்கைமாருக்கு ரமணிசந்திரன். உறை கிழிந்த அகதா கிறிஸ்ரி ஒன்று கைமாறிக் கைமாறி, கொலையாளியின் பெயர் யாரோ ஒருத்தியால் முதற்பக்கத்திலேயே எழுதப்பட்ட நிலையில் வந்து சேரும். தந்தவற்றை வெளிச்சத்திலும் விரும்பியவற்றை ஒளித்தும் வாசித்த பழக்கம், ஐம்பது அறுபது வயது கடந்த பின்னும் எம்மிற் பலரை விடவில்லை. விமானத்தில் பக்கத்து ஆசனக்காரர் என்ன நினைப்பாரோ என்று எண்ணிப் புத்தக உறையைக் கவிழ்த்துப் பிடிக்கும் பெண்கள் இந்த மண்டபத்திலும் இருக்கக்கூடும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலம் மூத்த அக்காமாருக்கு நினைவிருக்கும். தொடர்கதையின் அடுத்த பகுதி வராமல் தவித்தவர்கள் அவர்கள். ஆனால் அதே ஆண்டுகளில்தான் வீரகேசரிப் பிரசுரமாக எமது நாட்டு நாவல்கள் சட்டைப்பைக்குள் அடங்கும் அளவிலும் விலையிலும் வரத் தொடங்கின. செங்கை ஆழியானின் "வாடைக்காற்று" 1973இல் வெளிவந்து, 1978இல் திரைப்படமாகவும் ஆயிற்று. எமக்குத் தெரிந்த காற்றும் எமக்குத் தெரிந்த கடலும் எமக்குத் தெரிந்த பேச்சும் கதையாக அச்சில் இருப்பதை எம்மிற் பலர் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான். விருப்பம் என்பது பிறவியோடு வருவதில்லை. கையில் என்ன அகப்படுகிறது என்பதையும் பொறுத்தே அது உருவாகிறது. அதனால்தான் அதை அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பயணத்தை விட நல்ல இடம் இல்லை.

புத்தகமும் பயணமும் நெடுங்காலத் தோழிகள். இங்கிலாந்தில் றெயில் பாதைகள் பரவியபோது, 1848இல் லண்டன் யூஸ்ரன் நிலையத்தில் டபிள்யூ. எச். சிமித் நிறுவனத்தாரின் புத்தகக் கடை திறக்கப்பட்டது. வண்டியில் இருக்கும் நேரம் வாசிக்கும் நேரம் என்று வியாபாரிகள் கண்டுகொண்டார்கள். அலன் லேன் என்ற பதிப்பாளரைப் பற்றிய கதை இன்னும் சுவையானது. அகதா கிறிஸ்ரியைச் சந்தித்துவிட்டு லண்டன் திரும்பும் வழியில், எக்செற்றர் நிலையத்தில் வாசிக்கத் தகுந்த புத்தகம் ஒன்றும் கிடைக்காமல் அவர் நின்றாராம். அதிலிருந்து பிறந்த எண்ணமே பென்குயின் நூல்கள் என்பார்கள். 1935இல் முதற் பத்து நூல்கள் வெளிவந்தன. விலை ஆறு பென்ஸ். அந்நாளில் பத்துச் சிகரெட் கொண்ட ஒரு பெட்டியின் விலை. அந்தப் பத்தில் ஒன்று அகதா கிறிஸ்ரியின் துப்பறியும் நாவல். மெல்லிய அட்டை, குறைந்த பாரம், கைக்கு அடக்கம். இன்று நாம் எடுத்துச் செல்லும் புத்தகத்தின் உருவத்தில் அந்தப் புகையிரத மேடைக்கும் பங்குண்டு.

இதற்கு நேர்மாறானவர் லெனாட் வுல்ஃப். 1904ஆம் ஆண்டு அரசாங்க சேவைக்காக இலங்கைக்கு வந்த அந்த இளைஞர், தம்மோடு ஒரு நாயையும் வோல்த்தேரின் நூல்களை 90 தொகுதிகளாகவும் கொண்டுவந்தார். அவருடைய முதல் நியமனம் யாழ்ப்பாணம். பிற்காலத்தில் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த அநுபவத்தை வைத்து அவர் எழுதிய ஆங்கில நாவல் 1913இல் வெளிவந்தது. அதுவே பின்னர் "பெத்தேகம" என்ற சிங்களத் திரைப்படமாயிற்று. பெட்டி நிறையப் பிரெஞ்சு அறிவைச் சுமந்து வந்தவர், கடைசியில் இந்நாட்டுக் காட்டுக் கிராமத்து மக்களின் பசியையும் கடனையும் எழுதினார். எதை எடுத்துச் செல்கிறோம் என்பதோடு, போகும் இடத்தில் கண் எதைக் காண்கிறது என்பதும் முக்கியம் என்று எங்கள் வட்டத்தில் ஒருவர் இதற்கு விளக்கம் சொன்னார். மற்றொருவர், "90 தொகுதியையும் தூக்கினவர் கூலியாள்தானே" என்றார். இரண்டு கூற்றிலும் உண்மை உண்டு.

சொமர்செற் மோம் எழுதிய சிறுகதை ஒன்று இருக்கிறது. அதில் கதை சொல்பவர் மலாயாவில் ஒரு பெரிய துணிப்பை நிறையப் புத்தகங்களோடு திரிவார். எந்த மனநிலைக்கும் ஏற்ற ஒரு நூல் அதற்குள் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எங்கள் வட்டத்தில் இப்படிப்பட்டவர்கள் இருவர். அவர்களுடைய பையைத் தூக்கி மேல்தட்டில் வைக்கக் கேட்டால் எவரும் இரண்டாம் முறை உதவிக்கு வரமாட்டார்கள்.

எமக்கு மிக அண்மையான பயணம் யாழ்தேவிப் பயணம். 1956இல் ஓடத் தொடங்கிய வண்டி. கொழும்புக் கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அந்தப் பாதையில் வாசித்தவர்களுக்கு ஒன்று தெரியும்: ஒரே மூச்சில் வாசிக்க விடமாட்டார்கள். பொல்காவலையில் வடை வரும். மாகோவில் வண்டி நிற்கும். ஏன் நிற்கிறது என்று ஆராய்ச்சி நடக்கும். அநுராதபுரத்தில் எதிர் ஆசனத்து அம்மா, "பிள்ளை எந்த ஊர், ஆற்றை மகள்?" என்று தொடங்குவார். வவுனியாவுக்கிடையில் உங்கள் கலியாணப் பேச்சு ஒன்று முற்றாகிவிடும். இப்படித் துண்டு துண்டாக வாசிப்பதற்கு ஏற்ற புத்தகமே பயணப் புத்தகம்.

அந்த வகையில் "பொன்னியின் செல்வன்" மேல் எங்களுக்கு ஒரு தனி மரியாதை. ஐந்து பாகம், பெரிய பாரம் என்று அதைப் பலர் ஒதுக்குவார்கள். ஆனால் அது 1950 தொடக்கம் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் வாசகரை ஒரு கிழமை காக்க வைக்கும் நோக்கோடு எழுதப்பட்டது. எங்கே நிறுத்தினாலும் மீண்டும் தொடங்குவது இலகு, ஏனெனில் நிறுத்தவென்றே அது வெட்டப்பட்டிருக்கிறது. ஐந்து பாகத்தையும் சுமக்க வேண்டியதில்லை. ஒன்றை மாத்திரம் எடுங்கள். எங்கள் தெரிவு இரண்டாம் பாகமான "சுழற்காற்று". வந்தியத்தேவன் கடல் கடந்து இலங்கைக்கு வருவதும், அநுராதபுரத்து வீதிகளும் அதிலேதான் வருகின்றன. அந்தப் பக்கங்களை அநுராதபுரத்தைத் தாண்டும் வண்டியில் இருந்து வாசித்துப் பாருங்கள். யன்னலுக்கு வெளியே தெரியும் குளத்தையும் தாதுகோபத்தையும் பார்த்துவிட்டுத்தான் மறு பக்கம் புரட்டுவீர்கள்.

இன்னும் சிறிய துண்டு வேண்டுமானால் சங்கப் பாடல்கள் இருக்கின்றன. குறுந்தொகைப் பாடல் 4 அடி முதல் 8 அடி வரைதான். ஒரு பாடல், ஒரு தரிப்பிடம். வாசித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த தரிப்பு வரை யோசிக்கலாம். பாலைத்திணை முழுவதும் பிரிவைப் பற்றியது. பொருள் தேடிப் போகிறவன் ஆண். வீட்டில் இருந்து நாளெண்ணுகிறவள் பெண். ஒளவையாரும் வெள்ளிவீதியாரும் அந்தத் தொகையில் பாடியிருக்கிறார்கள். இன்றோ பொருள் தேடி நாடு கடந்து போகிறவர்களில் நாமும் இருக்கிறோம். காத்திருந்தவளின் பாட்டைப் போகிறவள் பைக்குள் வைத்துக்கொண்டு போகிறாள். உயர்தர வகுப்பில் புள்ளிக்காக மனனம் செய்தபோது இது விளங்கவில்லை என்று ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் ஒரு தங்கை சொன்னார். பனிக்காலத்து அதிகாலை பஸ்ஸில் அவருக்கு அது விளங்கிற்றாம்.

எங்கள் வட்டத்தில் தீராத வழக்கு ஒன்றும் உண்டு. போகும் இடத்தைப் பற்றிய புத்தகத்தை எடுத்துச் செல்ல வேண்டுமா, விட்டுப் போகும் இடத்தைப் பற்றியதை எடுத்துச் செல்ல வேண்டுமா? ஒரு சாரார், ஏ. கே. செட்டியாரின் "உலகம் சுற்றும் தமிழன்" போன்றவற்றைப் பயணத்தில் வாசிக்க வேண்டும் என்பார்கள். மறுசாரார், அது வீட்டில் சாய்மனைக் கதிரையில் இருந்து வாசிக்க வேண்டியது, அந்நிய ஊர் விடுதி அறையில் வாசிக்க வேண்டியது சொந்த ஊர்க் கதை என்பார்கள். பின்னவர்களுக்கு அ. முத்துலிங்கம் துணை. கொக்குவிலில் பிறந்து, பல நாடுகளில் வேலை செய்து, கனடாவில் வாழ்கிறவர். 1964இல் வந்த "அக்கா" தொகுதி முதற்கொண்டு அவருடைய கதைகள் எம்மோடு வந்துகொண்டிருக்கின்றன. தூரத்தில் இருந்து ஊரைப் பார்க்கும் கண் எப்படிப்பட்டது என்பதை அவரிடம் படிக்கலாம். வழக்கு இன்னும் தீரவில்லை. தீராமல் இருப்பதே எமக்கும் விருப்பம்.

இனிச் சில நடைமுறை விடயங்கள். எங்கள் வட்டத்தினர் பல பயணங்களில் கண்டறிந்தவை இவை.

முதலாவது, புத்தம் புதிய நூலை விமானத்தில் தொடங்காதீர்கள். முதல் முப்பது பக்கத்தை வீட்டில் வாசித்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள. பாத்திரங்களின் பெயர்கள் மனதில் பதிய அமைதி வேண்டும். பதிந்த பிறகு எந்தச் சத்தத்திலும் வாசிக்கலாம். முப்பது பக்கத்தில் பிடிக்காவிட்டால் புத்தகத்தை வீட்டிலேயே விட்டுவிடலாம். ஆகாயத்தில் அப்படிச் செய்ய முடியாது.

இரண்டாவது, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். சாதாரண அட்டை போட்ட 400 பக்க நூல் ஒன்று ஏறத்தாழ அரைக் கிலோ வரும். ஊரிலிருந்து திரும்பும்போது எமது 23 கிலோ எப்படி நிரம்புகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கறித்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, வடகம், மோர்மிளகாய், யாரோ ஒருவருடைய மச்சாளுக்குக் கொடுக்க வேண்டிய பார்சல். நிறை கூடியதும் முதலில் வெளியே எடுக்கப்படுவது புத்தகம். இதைக் குறை கூறவில்லை. கறித்தூளும் ஒரு வகையில் ஊர்ப் புத்தகந்தான். ஆனால் அரைக் கிலோவைப் புத்தகத்துக்கென்று முதலிலேயே ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குத் தூளைக் கட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மூன்றாவது, எழுத்தின் பருமனைப் பாருங்கள். மங்கலான வெளிச்சத்தில் சிறிய எழுத்து நாற்பது வயதுக்கு மேல் நடவாது. இரவுப் பஸ்ஸில் விளக்கை அணைத்துவிடுவார்கள். அங்கே காதால் கேட்கும் கதைதான் உதவும்.

நான்காவது, பயணத்தின் தன்மையைப் பாருங்கள். எல்லாப் பயணமும் விடுமுறைப் பயணம் அல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகிறவரோடு துணைக்குப் போவதும் பயணம். அங்கே பெயர் கூப்பிடும் சத்தத்துக்கு ஒரு காதைக் கொடுத்துக்கொண்டே வாசிக்க வேண்டும். சிறுகதையும் நகைச்சுவையும் போதும். "சிரித்திரன்" இதழ்களைச் சேர்த்துக் கட்டி வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள்.

பிறகு, நாம் யாரும் விரும்பாத ஒரு பயணம் உண்டு. இரவில் தொலைபேசி வரும். விடியுமுன் ரிக்கற் எடுத்து, அந்தரப்பட்டு விமானம் ஏறி, அம்மாவின் செத்தவீட்டுக்கோ அப்பாவின் செத்தவீட்டுக்கோ போய்ச் சேர வேண்டும். நேரத்துக்குப் போய்ச் சேருவோமா என்பதும் தெரியாது. புலம்பெயர்ந்த பழைய மாணவிகளில் இந்தப் பயணம் செய்யாதவர் குறைவு. அந்தப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் புதிய புத்தகம் ஒன்றும் உள்ளே இறங்காது. ஏற்கெனவே பல தடவை வாசித்த, அடுத்த வரி என்னவென்று தெரிந்த புத்தகம் ஒன்றே கைகொடுக்கும். ஒருவர் தேவாரப் புத்தகத்தை எடுத்துச் சென்றார். ஒருவர் விவிலியத்தின் சங்கீதங்களை எடுத்தார். இன்னொருவர் பன்னிரண்டு வயதில் அம்மா வாங்கிக் கொடுத்த லக்ஷ்மியின் நாவலை எடுத்துச் சென்று, ஒரு பக்கமும் புரட்டாமல் மடியில் வைத்திருந்தார். அதையும் வாசிப்பு என்றே நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். அப்படியான ஒரு நூல் உங்களுக்கு எது என்பதை முன்கூட்டியே அறிந்து, கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். விருப்பம் என்று நாம் சொல்வதன் ஆழம் அங்கேதான் தெரியும்.

இந்த மண்டபத்தில் நின்று புத்தகத்தையும் பயணத்தையும் பற்றிப் பேசும்போது, பை கட்ட நேரம் கிடைக்காத பயணங்களைச் சொல்லாமல் விட முடியாது. 1981 யூன் முதலாந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பராயின. அதைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 1990இல் யாழ்தேவி யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்றது. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு மழையில் வலிகாமம் முழுவதும் வீதிக்கு இறங்கியது. அந்த இரவில் எதை எடுத்தோம்? பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பரீட்சைப் பெறுபேறு, கொஞ்சம் அரிசி. குழந்தை தோளில். புத்தகம் எடுத்தவர் மிகச் சிலர். எங்கள் வட்டத்தில் ஒருவருடைய சான்றிதழ்க் கோவைக்குள் கையளவு திருக்குறள் ஒன்று தற்செயலாக அகப்பட்டிருந்தது. சாவகச்சேரியில் ஒரு பாடசாலை வகுப்பறையில், எட்டுக் குடும்பங்களுக்கு நடுவில், குப்பிவிளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம் என்று அதையே சொல்லிக் கொடுத்தார்கள். தெரிவு செய்து எடுத்த புத்தகம் அல்ல அது, அகப்பட்ட புத்தகம். 133 அதிகாரம் இருந்ததால் பல நாளைக்குப் போதுமாயிருந்தது.

விட்டுவந்த அலுமாரிகளுக்குத் திரும்பிப் போனவர்கள் கண்டதை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒன்றை மாத்திரம் சொல்லலாம். எந்தப் புத்தகங்களை இழந்தோம் என்று பட்டியல் போட்டபோதுதான் எவற்றை உண்மையில் விரும்பினோம் என்பது பலருக்குத் தெரிந்தது. தடித்த கலைக்களஞ்சியத்தை நினைத்து ஏங்கியவர் குறைவு. ஏங்கியது, தோழி கையெழுத்திட்டுத் தந்த மலிவுப் பதிப்புக்கும், ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதிய பாடப்புத்தகத்துக்கும், ஒழுங்காகச் சேர்த்து வைத்த "மல்லிகை" இதழ்களுக்குமாகும்.

இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டத்தினர் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பாடசாலை மலர்களையும் மின்வடிவில் சேர்த்து, எவரும் இலவசமாக வாசிக்கத் தந்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஓர் அலுமாரி கொண்ட பாரம் இப்போது கைத்தொலைபேசிக்குள் அடங்கும். மெல்பேணில் இருந்து வந்த அக்கா ஒருவர், தாம் ஆறாம் வகுப்பில் எழுதிய கட்டுரையைப் பழைய பாடசாலை மலர் ஒன்றில் தேடிக் கண்டுபிடித்து, விமான நிலையத்தில் இருந்து வாசித்துச் சிரித்ததாகச் சொன்னார். கருவி எதுவானாலும் சரி. மின்னூலையும் அச்சு நூலையும் போட்டிக்கு நிறுத்துவதில் எங்களுக்கு ஈடுபாடு இல்லை. ஆனால் மின்கலம் தீர்ந்தாலும் தீராத ஒன்று, மெல்லியதாகவேனும் கைப்பையில் இருக்கட்டும்.

அப்படி மெல்லியதாக ஒன்று கேட்பீர்களானால், யாழ்ப்பாணத்தில் 1986இல் வெளிவந்த "சொல்லாத சேதிகள்" இருக்கிறது. எமது நாட்டுப் பெண்களின் கவிதைகள். அதற்கும் முன்னே போக விரும்புகிறவர்கள், 1914இல் மங்களநாயகம் தம்பையா எழுதிய "நொறுங்குண்ட இருதயம்" என்ற நாவலைத் தேடுங்கள். எமது சங்கத்தின் வயதை விட மூத்த நாவல். யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி, யாழ்ப்பாணத்துக் குடும்ப வாழ்க்கையை எழுதியது. பெண்கள் எதை வாசிக்கலாம் என்று மற்றவர்கள் தீர்மானித்த காலத்தில், அவர் எழுதவே துணிந்தார். விரும்பியதை வாசிக்க எமக்கு என்ன கூச்சம்?

பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். "என்ரை மகள் தமிழ் கதைப்பாள், வாசிக்கத் தெரியாது" என்பது வெளிநாட்டில் வாழும் தாய்மாரிடம் நாம் அடிக்கடி கேட்பது. கவலை நியாயமானது. பயணம் அதற்கு ஒரு வழி தருகிறது. வீட்டில் அம்மாவுக்கு நேரமில்லை, மகளுக்கும் நேரமில்லை. விமானத்தில், விமான நிலையத்தில், யாழ்ப்பாண வண்டியில் இருவரும் அருகருகே பல மணித்தியாலம் இருக்கிறீர்கள். அவள் வாசிக்கமாட்டாள், ஆனால் கேட்பாள். ஒரு சிறுகதையை மெல்லிய குரலில் வாசித்துக் காட்டுங்கள். பேச்சுவழக்கு நிறைந்த கதையாகத் தெரிவு செய்யுங்கள்; அம்மம்மாவின் குரல் அதில் கேட்கும். விளங்காத சொல்லை அவள் கேட்பாள், நீங்கள் சொல்வீர்கள். ஊருக்கு வந்து இறங்கும்போது அந்தச் சொல்லை அவள் சந்தையில் கேட்டு அடையாளம் கண்டால், அடுத்த கதையைத் தானே கேட்பாள். எங்கள் வட்டத்தில் இருவர் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒருவருடைய மகள் இப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். மற்றவருடைய மகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டும் நல்ல செய்தியே.

முடிவாக, வாசிப்பு வட்டத்தின் சார்பில் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி நூலகத்தின் வாசலுக்கு அருகே ஓர் இறாக்கையைப் பயணிகளுக்கென்று ஒதுக்கித் தரும்படி அதிபர் அவர்களிடம் கேட்டோம். அவர் மகிழ்ச்சியோடு சம்மதித்திருக்கிறார். எங்கிருந்து வரும் பழைய மாணவியும் தாம் வழியில் வாசித்து முடித்த ஒரு நூலை அங்கே வைக்கலாம். திரும்பிப் போகும்போது வேறொன்றை எடுத்துச் செல்லலாம். பதிவேடு இல்லை, தண்டப் பணம் இல்லை. ஒரேயொரு நிபந்தனை: முதற்பக்கத்தில் உங்கள் பெயரையும் கல்லூரியை விட்ட ஆண்டையும், எந்தப் பயணத்தில் அதை வாசித்தீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். நல்ல நூலாகத் தேடி வாங்கி வைக்க வேண்டாம். நீங்கள் உண்மையாக விரும்பி வாசித்ததை வையுங்கள். துப்பறியும் கதையானாலும் சமையற் புத்தகமானாலும் தேவாரமானாலும் சரி. இப்போது இங்கே படிக்கும் பிள்ளைகள், தமக்கு முன் இந்த வகுப்பறைகளில் இருந்த அக்காமார் எதை விரும்பினார்கள் என்பதை அந்த இறாக்கையில் இருந்து அறிந்துகொள்ளட்டும்.

இன்று வர முடியாமல் இந்த மலரைத் தூர தேசத்தில் இருந்து வாசிக்கும் சகோதரிகளே, உங்களுக்கும் அதில் இடம் உண்டு. ஊருக்கு வரும் யாரிடமாவது ஒரு புத்தகத்தைக் கொடுத்து அனுப்புங்கள். அரைக் கிலோவுக்கு அவர்கள் இடம் விடுவார்கள் என்று நம்புகிறோம். முதல் நூலாக எங்கள் வட்டம் இன்று வைப்பது "சுழற்காற்று". அதன் முதற்பக்கத்தில் கோட்டை தொடக்கம் யாழ்ப்பாணம் வரை என்று எழுதியிருக்கிறோம். கொழும்புக்குத் திரும்பும் ஒருவர் இன்று மாலையே அதை எடுத்துச் செல்லலாம்.